கிரீன்லாந்தின் சிவப்புப் பாசியும் பழுப்புப் பாசியும்

1818-ல் பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் ராஸ் கிரீன்லாந்தின் வடமேற்குக் கரையோரம் கப்பலில் போனபோது, வெண்பனி மூடிய சரிவுகள் சிவந்து கிடப்பதைப் பார்த்தார். அது வெண்பனிப் பாசியின் வேலை. உருகும் பனித்துகள்களுக்கு நடுவே பச்சைச் செல்லாக, சாட்டை போன்ற இரண்டு கசையிழைகளை அடித்து நீந்தும். பிறகு தடித்த சுவர் கட்டிக்கொண்டு உறங்கிவிடும். உள்ளே அஸ்டாசாந்தின் என்ற சிவப்பு நிறமி நிரம்பும். சால்மன் மீனின் சதையைச் சிவக்கவைப்பதும் இதே நிறமிதான்.

பனி உருகி அடியிலுள்ள பனிக்கட்டி வெளிப்பட்டால் ஆள் மாறிவிடும். அங்கே ஆட்சி அன்சைலோனிமா என்ற பழுப்புப் பாசிக்கு. அதற்கு நீந்தத் தெரியாது, தடித்த உறையும் கிடையாது. கட்டியின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தில் செல்கள் சங்கிலியாகக் கோத்தபடி பெருகும். குளிர்காலத்தில் அப்படியே உறைந்து கிடக்கும். ஊதா கலந்த பழுப்பு நிறமிதான் வெயிலுக்கு அதன் குடை.

படம் எடுக்கச் சிவப்புதான் அழகு. கவலைப்பட வேண்டியதோ, பார்த்தால் வெறும் அழுக்கு மாதிரி தெரியும் இந்தப் பழுப்பைப் பற்றி. தென்மேற்கு கிரீன்லாந்தில் கோடைதோறும் கறுக்கும் பனிக்கட்டிப் பட்டையில் இதற்குப் பெரும் பங்கு உண்டு. கறுத்த கட்டி வெயிலைக் கூடுதலாக உறிஞ்சி உருகும். நீர் கிடைக்கக் கிடைக்கப் பாசியும் பெருகும். சிவப்புப் பாசியும் இதைத்தான் செய்கிறது, ஆனால் அது குடியிருக்கும் வெண்பனி சீக்கிரம் கரைந்துவிடுகிறது.