ஒன்பது வருஷ ஈகோஸ்போர்ட்: வாங்கலாமா என்று கேட்ட தம்பிக்கு

போன வாரம் என் ஃபோர்டு ஈகோஸ்போர்ட் காருக்கு ஒரு டெயில் லேம்ப் மாற்றினேன். அன்று சாயங்காலமே ஊரிலிருந்து சித்தி மகன் போன் செய்தான். “அண்ணே, 2018 ஈகோஸ்போர்ட் ஒண்ணு வந்திருக்கு. டீசல், ஒரே ஓனர். மூணே முக்கால் சொல்றாங்க. நீங்க இத்தனை வருஷமா வச்சிருக்கீங்களே, வாங்கலாமா?”

ஏர்பேக் எத்தனை, மைலேஜ் எவ்வளவு என்பதெல்லாம் அவன் விரல் நுனியில் இருக்கிறது. அவன் கேட்டது வேறு. ஃபோர்டு இந்தியாவில் கார் விற்பதை நிறுத்தி நாலு வருஷம் தாண்டிவிட்டது, அந்த வண்டியை நம்பி இப்போது காசைப் போடலாமா என்பதுதான் கேள்வி. போனில் சொன்ன பதில் எனக்கே பிடிக்கவில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அந்த டெயில் லேம்ப் கதை.

ஈகோஸ்போர்ட்டின் டிக்கிக் கதவு மேலே தூக்கித் திறப்பது அல்ல. வீட்டுக் கதவு மாதிரி பக்கவாட்டில் திறக்கும், ஸ்டெப்னி அதன் முதுகில் உட்கார்ந்திருக்கும். கைப்பிடி எங்கே என்று புதிதாகப் பார்ப்பவர்கள் தேடுவார்கள். அது பின்விளக்கோடு ஒட்டி ஒளிந்திருக்கிறது. விளக்கின் ஓரத்தில் விரலை நுழைத்து இழுத்தால் ‘டக்’ என்று பூட்டு விடும். இத்தனை வருஷத்தில் அந்த இடத்துக்கு என் விரல் பார்க்காமலே போகும், வீட்டில் ஸ்விட்ச் போடுகிற மாதிரி.

செங்கல்பட்டில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில், ரிவர்ஸ் எடுத்த மினி வேன் ஒன்று சரியாக அந்த விளக்கில் இடித்துவிட்டது. சிவப்புக் கண்ணாடி சில்லு சில்லாகத் தரையில் கிடந்தது. கைப்பிடியும் நசுங்கிப் போனதால் டிக்கி திறக்கவில்லை. உள்ளே தாம்பூலப் பை மூட்டை. பின் சீட்டை மடக்கி, மனைவி உள்ளே ஏறி, ஒவ்வொரு பையாக எடுத்துக் கொடுத்தாள்.

மறுநாள் பக்கத்தில் இருந்த ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். அங்கிருந்தவர் வண்டியைச் சுற்றிக்கூடப் பார்க்கவில்லை. முன்னால் இருந்த ஃபோர்டின் நீல நீள்வட்டச் சின்னத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். “கம்பெனியே போயிடுச்சே சார், பொருளுக்கு எங்கே போறது? புதுப்பேட்டையில பழசு ஏதாவது கிடைக்குதா பாருங்க” என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் ஒரு போன்கூடப் போட்டுக் கேட்கவில்லை. அங்கிருந்து நேராக என் பழைய மெக்கானிக்கிடம் போனேன். அவர் பார்ட் நம்பரைப் பார்த்து ஆர்டர் போட்டார். ஆறு நாளில் புது விளக்கு, கம்பெனி அட்டைப்பெட்டியில், கைப்பிடியோடு வந்து இறங்கியது. மாட்டி முடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

ஒன்பது வருஷத்தில் 1,38,000 கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறேன். இந்த வண்டி எனக்குக் கொடுத்த தொல்லை என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், அந்த ஒரு வாக்கியத்தைத்தான் சொல்வேன். கம்பெனியே போயிடுச்சே! பெட்ரோல் பங்கில் கேட்டிருக்கிறேன், இன்ஷூரன்ஸ் புதுப்பிக்கும்போது கேட்டிருக்கிறேன், பொண்ணு பார்க்கப் போன வீட்டு வாசலில் கேட்டிருக்கிறேன். துக்க வீட்டில் விசாரிக்கிற குரலில்தான் எல்லோரும் சொல்வார்கள். வண்டி என்னவோ என் பக்கத்தில் கல் மாதிரி நின்றுகொண்டிருக்கும்.

அந்தச் செய்தி வந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. 2021 செப்டம்பர் 9, வியாழக்கிழமை. மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. களிமண் பிள்ளையாரும் எருக்கம்பூ மாலையும் வாங்கிப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தேன். தம்பி ஒருவன் போனில் செய்தியை வாசித்தான். குஜராத்தில் இருக்கும் சாணந்த் ஆலை அந்த வருஷக் கடைசியில், மறைமலை நகர் ஆலை 2022 நடுவில் மூடப்படும். பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். ஏறத்தாழ 4,000 தொழிலாளர்களுக்குப் பாதிப்பு. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தொழிற்சாலை எங்களுக்கு எங்கோ தூரத்தில் இருந்ததல்ல. ஜி.எஸ்.டி. ரோட்டில் போய்வருகிற எவருக்கும் அது பழகிய இடம். 1995-இல் மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து ஃபோர்டு இங்கே வந்தது. மறைமலை நகரில் ஆலை எழுந்தது. எஸ்கார்ட் வந்தது, 1999-இல் ஐகான் வந்தது, 2010-இல் ஃபிகோ வந்தது. 2013-இல் ஈகோஸ்போர்ட் வந்தபோது ஷோரூம் வாசலில் கூட்டம் நின்றது. அமெரிக்காவில் 2018 முதல் விற்ற ஈகோஸ்போர்ட்டும் இதே மறைமலை நகரில் செய்து கப்பலில் போனதுதான். நம் ஊர்க் கைகள் செய்த கார் ஃபோர்டின் சொந்த நாட்டிலேயே ஓடியது. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிமிரும்.

நியாயமாகப் பேச வேண்டுமென்றால் கம்பெனியின் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டு ஆலையும் சேர்ந்து வருஷத்துக்கு நாலு லட்சம் கார் செய்யலாம். செய்ததோ அதில் சின்னப் பங்கு. சந்தையில் இரண்டு சதவீதம்கூடக் கையில் இல்லை. இப்படி ஒரு கடையை எந்த முதலாளி நடத்துவார்? 2019-இல் மறுபடி மஹிந்திராவோடு கூட்டு என்று அறிவித்தார்கள், 2020 முடியும்போது அதுவும் இல்லை என்றானது. அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

ஆனாலும் கோபம் அடங்கவில்லை. நாலு மீட்டருக்குள் ஒரு எஸ்.யூ.வி. என்ற யோசனைக்கு இந்த நாட்டில் பாதை போட்டதே ஈகோஸ்போர்ட்தான். பின்னாலேயே 2016-இல் பிரெஸ்ஸா, 2017-இல் நெக்ஸான், 2019-இல் வென்யூ, 2020-இல் சோனெட் என்று மற்ற கம்பெனிகள் வரிசை கட்டி வந்தன. ஃபோர்டுக்காரர்களோ பழைய வண்டிக்கே முகத்தை மாற்றி மாற்றிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். தானே வெட்டிய கிணற்றில் ஊரே தண்ணீர் இறைக்க, வெட்டியவன் வாளி வாங்காமல் நின்றான். அந்தக் கோபம்தான் எனக்கு. நஷ்டக் கணக்கை எத்தனை தடவை எடுத்துக் காட்டினாலும் இது தீராது.

2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்தது. சாணந்த் ஆலையை டாடா 725.7 கோடி ரூபாய்க்கு வாங்கி, 2023 ஜனவரியில் கைக்கு எடுத்துக்கொண்டது. சர்வீஸும் ஸ்பேரும் தொடரும் என்று அறிவித்தபோது சென்னை, டெல்லி, மும்பை, சாணந்த், கொல்கத்தாவில் ஸ்பேர் கிடங்குகள் இருக்கும் என்றார்கள். என் டெயில் லேம்ப் ஆறு நாளில் வந்தது, வார்த்தை காப்பாற்றப்பட்டது. இதைச் சொல்லாமல் விட்டால் பாவம்.

சரி, வண்டிக்கு வருகிறேன். தம்பிக்கு இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன், போனில் வார்த்தை வரவில்லை.

கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. வருஷத்துக்கு ஒரு தடவையாவது குடும்பத்தோடு போவோம். மற்ற வண்டிகளில் போயிருக்கிறேன், நாற்பதாவது வளைவு வரும்போது தோள்பட்டை கெஞ்சும். ஈகோஸ்போர்ட்டில் இரண்டாம் கியரில் வளைவுக்குள் நுழைந்து, ஸ்டியரிங்கைத் திருப்பி, கொஞ்சம் மிதித்தால் போதும். 205 நியூட்டன் மீட்டர் இழுவை அடியிலிருந்தே கிளம்பி வரும். முன் சக்கரம் எந்தக் கல்லில் ஏறுகிறது, எந்த மணலில் நழுவப் பார்க்கிறது என்று உள்ளங்கைக்குத் தெரியும். கார் ஓட்டுவதில் எனக்கு இவ்வளவு ஆசை உண்டு என்பதே இந்த ஸ்டியரிங்கைப் பிடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. நாற்பது வயதுக்கு மேல் அப்படி ஒன்று தெரியவருவது சின்ன விஷயமா?

பின் சீட்டு மூன்று பெரியவர்களுக்குத் தாராளம் இல்லை. நாலு மீட்டர் வண்டி எதிலும் அப்படித்தான். கிளட்ச் 96,000 கிலோமீட்டரில் மாற்றினேன். அது தேய்மானம்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். 550 மில்லிமீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்று கம்பெனி சொன்ன வண்டி இது. கிட்டத்தட்ட ஒரு ஆளின் முழங்கால் அளவு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது, மாமியாரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போக வேண்டியிருந்தது. ஆட்டோ வரவில்லை, கால் டாக்சியும் வரவில்லை. மைத்துனன் கையில் குச்சியோடு முன்னால் நடந்து ஆழம் பார்த்துக்கொண்டே போனான். முழங்காலுக்குக் கீழேதான் தண்ணீர் என்று அவன் கை காட்டிய பிறகே நான் முதல் கியரில் நகர்ந்தேன். கதவுக்கு அடியில் சளக் சளக் என்று அலை மோதிக்கொண்டிருந்தது. என்ஜின் சத்தம் மட்டும் மாறவில்லை. மாமியார் வழி முழுக்க “முருகா, முருகா” என்றார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் பானெட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்று முதல் எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு இந்த வண்டிக்குத்தான் முதல் மாலை.

எங்கள் தெருவில் ஒருவர் மறைமலை நகர் ஆலையில் கதவு பொருத்துகிற பகுதியில் பல வருஷம் வேலை பார்த்தவர். இப்போது ஒரகடத்தில் வேறு கம்பெனியில் இருக்கிறார். புது விளக்கு மாட்டி வந்த அன்று, நான் டிக்கியைத் திறந்து மூடிப் பார்ப்பதை எதிர் வாசலில் நின்று கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு வந்தார். கதவைத் தானே ஒரு தடவை மூடினார். விளக்குக்கும் தகட்டுக்கும் இடையே இருக்கும் சந்தில், மேலிருந்து கீழே மெதுவாகக் கட்டைவிரலை ஓட்டினார். “கீழே அரை மில்லி அகலமா இருக்கு. ஸ்க்ரூவைத் தளர்த்தி உள்ளே தள்ளி முடுக்கச் சொல்லுங்க” என்றார். நான் குனிந்து பார்த்தேன், எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. மறுநாள் மெக்கானிக்கிடம் காட்டினேன். அவர் அளந்து பார்த்துவிட்டு, “யார் சார் கண்டுபிடிச்சது?” என்றார்.

விற்கிற விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன், பேசினால் மறுபடி கோபம் வரும். 11 லட்சத்துக்கு மேல் கொடுத்து ரோட்டுக்குக் கொண்டுவந்த வண்டி. போன வருஷம் விற்கிற எண்ணமே இல்லாமல், மதிப்பு தெரிந்துகொள்ள ஒரு பழைய கார் கடையில் காட்டினேன். இரண்டே முக்கால் என்றார்கள். என்ஜினைத் திறந்து பார்க்கவில்லை, ஓட்டிப் பார்க்கவில்லை. அதே வாக்கியம்தான் காரணம்.

இடையில் ஃபோர்டு திரும்பி வருகிறது என்று செய்தி வந்தாலே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். 2024 செப்டம்பரில், ஏற்றுமதிக்காக மறைமலை நகர் ஆலையைத் திறக்க விருப்பம் என்று தமிழக அரசிடம் கடிதம் கொடுத்தார்கள். 2025 அக்டோபர் கடைசியில் 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டார்கள். வருஷத்துக்கு 2,35,000 என்ஜின், உற்பத்தி 2029-இல். வேலை வருகிறது, எங்கள் வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு நல்லது, மனசார வரவேற்கிறேன். ஆனால் “அப்போ உங்க வண்டிக்கு மறுபடி விலை ஏறிடும்ல?” என்று கேட்பவர்களிடம் என்ன சொல்ல? வருவது என்ஜின். நீங்களும் நானும் ஷோரூமுக்குப் போய் வாங்குகிற கார் அல்ல.

ஆக, தம்பி, உனக்கு என் பதில்: வாங்காதே.

மேலே இவ்வளவு எழுதிவிட்டு இதைச் சொல்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. என் மெக்கானிக் மாதிரி ஒருவர் உன் ஊரில் இல்லை. விளக்கு உடைந்தால் நீ முதலில் போகிற ஒர்க்‌ஷாப்பில் உனக்கும் அந்த வாக்கியம்தான் கிடைக்கும். உனக்கு வீட்டில் இருக்கப் போவது இந்த ஒரு வண்டி. ஆறு நாள் வண்டி இல்லாமல் நீ கடைக்குச் சரக்கு எடுக்க முடியாது. நாலு வருஷம் கழித்து விற்கப் போனால் கையில் என்ன தேறும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. உன் காசு பாடுபட்டுச் சேர்த்த காசு.

போனில் இதையே சுருக்கமாகச் சொன்னேன். “சரிண்ணே, அப்போ வேண்டாம், வேற பார்க்கிறேன்” என்று சட்டென்று ஒத்துக்கொண்டான். நான் சொன்னதைத்தான் கேட்டான். ஆனாலும் என் வீட்டுப் பிள்ளையை யாரோ வேண்டாம் என்று சொன்ன மாதிரி சுருக்கென்றது. “வேண்டாம்னா விடு, ஞாயித்துக்கிழமை மட்டும் ஒரு தடவை வந்து ஓட்டிப் பாரு” என்றேன். “வாங்கப் போறதில்லையே, எதுக்குண்ணே?” என்றான். சும்மா வா என்று சொல்லியிருக்கிறேன். டேங்கை நிரப்பி வைத்தாயிற்று. காலையில் ஏழு மணிக்கு முன்னால் கிளம்பினால் வல்லம் தாண்டித் திருக்கழுக்குன்றம் ரோடு காலியாக இருக்கும்.