பழைய வீரா 1.5க்கு லோக்கல் ஆயில் சம்ப்பு, வாங்கி மாட்டியாச்சு

நம்ம வண்டி புரோட்டோன் வீரா 1.5, வயசு இருபதைத் தாண்டிருச்சு, விக்க மனசு வரல. தாமான் (குடியிருப்பு) ரோட்டு வேகத்தடையில எல்லாம் அடிவயிறு இடிச்சு இடிச்சு சம்ப்பு, அதாவது இஞ்சினுக்கு அடியில எண்ணெய் நிக்கிற தொட்டி, நசுங்கி, துருவும் ஏறி, காலையில பார்த்தா பார்க்கிங் தரையில எண்ணெய் பொட்டு. கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில புதுசு வாங்கினேன், ஒரிஜினல் இல்ல, லோக்கல் ரீப்ளேஸ்மென்ட், எண்பது வெள்ளி (ரிங்கிட்) சொச்சம். ஒரிஜினல்னா ரெண்டு மடங்குக்கு மேல சொன்னாங்க, அதுவும் ஆர்டர் போட்டுட்டு காத்திருக்கணுமாம்.

ஆனா கீழ சொட்டுது, சம்ப்பு போச்சுன்னு உடனே முடிவு கட்டிராதீங்க. இந்த 4ஜி15 இஞ்சின்ல மேல ராக்கர் கவர் கேஸ்கெட் காஞ்சு போனாலும் எண்ணெய் வழிஞ்சு வந்து சம்ப்பு விளிம்புலதான் தொங்கும், கியர்பாக்ஸ் பக்கம் கிராங்க் சீல் கசிஞ்சாலும் அதே கதைதான். டிகிரீசர் அடிச்சு கழுவி, கொஞ்சம் ஓட்டிட்டு டார்ச் அடிச்சு ஈரம் எங்க ஆரம்பிக்குதுன்னு பார்த்துட்டு அப்புறம் காசை எடுங்க.

கடையில போய் "வீரா சம்ப்பு"ன்னு மட்டும் கேக்காதீங்க, 1.3ல 4ஜி13, 1.5ல 4ஜி15, ரெண்டும் ஒரே குடும்பம், 1.6ல இருக்கிறது 4ஜி92, இஞ்சினே வேற, அந்த சம்ப்பு இதுல உக்காராது. இஞ்சின் மாத்தின வண்டின்னா (நம்ம ஊர்ல எத்தனை வீரா அப்படி ஓடுது!) பிளாக்குல அடிச்சிருக்கிற நம்பரைப் பார்த்துக்கிட்டு போங்க. பழைய சம்ப்பையே கழட்டி கையோட கொண்டு போனா இன்னும் நல்லது.

ஹாஃப்கட் கடையில (பழைய வண்டியை வெட்டி சாமான் விக்கிற கடை) எடுக்கலாமேன்னு கேப்பீங்க. தகடு நல்ல கனம்தான், ஒத்துக்கிறேன், ஆனா நான் பார்த்ததுல ஒண்ணு ஸ்குரூட்ரைவர் வெச்சு நெம்பி எடுத்து விளிம்பு வளைஞ்சு கிடந்துச்சு, இன்னொண்ணு டிரெயின் பிளக் (எண்ணெய் இறக்குற போல்ட்) மரை தேஞ்சு போய் பிளக் சும்மா சுத்துது. அடியில உள்பக்கமா நசுங்கினதை மட்டும் எடுக்கவே எடுக்காதீங்க, ஏன்னா எண்ணெய் உறிஞ்சுற ஸ்டிரெய்னர் அந்த தரைக்கு கொஞ்சம் மேலதான் நிக்குது, தகடு மேல ஏறினா வாயை அடைச்ச மாதிரி ஆயிரும், எண்ணெய் பிரஷர் இறங்கி பேரிங் தேஞ்சா இஞ்சின் செலவு தனி.

புது சாமான் எப்படி? தவுக்கே (கடை முதலாளி) முதல்ல கொடுத்த பீஸை கவுண்டர் கண்ணாடி மேல கவுத்து வெச்சேன், ஒரு மூலையில விரலால அமுக்கினா டக் டக்னு ஆடுது. மூஞ்சியை கொஞ்சம் சுளிச்சாரு, ஆனா ஒண்ணும் பேசாம வேற எடுத்து கொடுத்தாரு, அது சப்புன்னு உக்காந்துச்சு. டிரெயின் பிளக் நட்டைச் சுத்தி வெல்டிங் முழு வட்டமா வந்திருக்கு, பழைய பிளக்கை (14 மில்லி, 1.5 மரை) கையாலயே கடைசி வரைக்கும் ஏத்த முடிஞ்சது, லோக்கல் சாமான்ல நான் முதல்ல பார்க்கிறது இதைத்தான். உள்ள தடுப்புத் தகடும் பழசுல இருந்த மாதிரியே இருக்கு. பெயிண்ட்தான் மட்டம், விளிம்பு வரைக்கும் வழிய விட்டிருக்கான், அது மேல சிலிக்கான் பசை போட்டா பெயிண்ட்டோட சேர்ந்து உரிஞ்சு வரும், அதனால தின்னர் போட்டு சீட்டிங்கை (இஞ்சினோட ஒட்டுற விளிம்பை) மட்டும் சுத்தமா துடைச்சோம். டிரெயின் பிளக் வாஷரும் கூட வரல, தனியா வாங்கணும்.

மாட்டினது பத்துமலை பக்கம் ஒரு போர்மென் (மெக்கானிக்). முன்பக்க எக்ஸாஸ்ட் பைப்பை இறக்கணும், பழைய சிலிக்கானை சுரண்டணும், வேலையில பாதி நேரம் அந்தச் சுரண்டல்தான். இந்த இஞ்சினுக்கு கார்க் கேஸ்கெட் கிடையாது, சிலிக்கான்தான், 4 மில்லி கோடு, போல்ட் ஓட்டைக்கு உள்பக்கமா, போட்ட 15 நிமிஷத்துக்குள்ள சம்ப்பை ஏத்திரணும். நிறைய அப்பினா நல்லா பிடிக்கும்னு சில பேர் நினைக்கிறாங்க, பிதுங்கினது உள்ள விழுந்து ஸ்டிரெய்னர்ல போய் நிக்கும்லா. போல்ட் எல்லாம் குட்டி குட்டி 6 மில்லி, பையன் ஒருத்தன் நீள ராட்செட்டை எடுத்தான், போர்மென் "டேய் தம்பி, தகடு குழி விழுந்துரும்டா, சின்னதை எடு"ன்னு பிடுங்கிட்டாரு. எண்ணெய் மறுநாள் காலையிலதான் ஊத்தினோம்.

இப்ப வரைக்கும் காஞ்சுதான் இருக்கு. கருப்பு பெயிண்ட் இந்த மழைக்கு எத்தனை நாள் தாங்கும்னு தெரியாது, அதனால சீட்டிங்கை விட்டுட்டு வெளிப்பக்கம் மட்டும் இன்னொரு கோட் ஸ்ப்ரே அடிச்சிருக்கேன். அந்தக் கடையில 1.5க்குதான் ஸ்டாக் இருக்கு, 1.6காரங்க போறதுக்கு முன்னாடி ஒரு போன் அடிச்சு கேட்டுக்குங்க, பார்க்கிங் கிடைக்கிறது வேற பெரிய பாடு.