சின்ன காருக்கு எல்எஸ்டி: ஹெலிகலா, கிளட்ச் பிளேட்டா?

டிஃபரன்ஷியல் என்பது எஞ்சின் சக்தியை இடது, வலது சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் பாகம்; ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதற்கு இழுவை போகச் செய்யும் வகைதான் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல்). முன்சக்கர டிரைவ் கார், தினமும் ஓட்டுவது என்றால் என் ஓட்டு ஹெலிகலுக்கே. உள்ளே பல்சக்கரங்கள்தான், தேய்கிற கிளட்ச் பிளேட் கிடையாது. வளைவில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் பிடிப்புள்ள சக்கரத்துக்குக் கூடுதல் டார்க்கை (சுழற்றும் விசையை) மென்மையாக அனுப்பும்.

குறை ஒன்று உண்டு. பிடிப்பு குறைந்த சக்கரம் தாங்கும் டார்க்கின் சில மடங்கைத்தான் மறுபக்கம் தர முடியும். அந்தச் சக்கரம் தரையை விட்டு எழும்பினால்? பூஜ்யத்தின் மடங்கும் பூஜ்யம்தானே, சாதாரண டிஃபரன்ஷியல் போலாகிவிடும்.

கிளட்ச் வகையில் பிரீலோட் (பிளேட்களை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் விசை) இருப்பதால் அப்போதும் இழுக்கும். டிராக், ராலிக்கு அதுதான் சரி. ஆனால் பிளேட் தேயும், தனி ஆயில் வேண்டும், மெதுவாகத் திரும்பும்போது சத்தமும் வரலாம். வாங்கினால் 1 வே (ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் பூட்டும்) அல்லது 1.5 வே (காலை எடுக்கும்போதும் ஓரளவு பூட்டும்) வாங்குங்கள்; 2 வே (இரண்டிலும் ஒரே அளவு பூட்டும்) என்றால் வளைவுக்குள் நுழையும்போது கார் திரும்ப மறுக்கும்.

அப்புறம், எதைப் போட்டாலும் கியர்பாக்ஸை இறக்க வேண்டும். பேரிங், ஆயில் சீலையும் அப்போதே மாற்றிவிடுங்கள்.