தடுப்பூசிக் குளிர்பெட்டி: ஏழாண்டுப் பயன்பாட்டில் கண்டவை

தூத்துக்குடி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் குழந்தைகள் மருத்துவமனை நடத்தி வருகிறேன். 2018 ஜூன் முதல் எங்கள் தடுப்பூசி மருந்துகள் ஐ.எல்.ஆர். என்ற குளிர்பெட்டியில் இருக்கின்றன. அதன் உட்சுவரைச் சுற்றிப் பனிக்கட்டி உறைந்து நிற்பதால், நாளுக்கு 8 மணி நேரம் மின்சாரம் கிடைத்தாலே அது குளிரைக் காத்துக்கொள்ளும். அதற்கு முன் ஒன்பது ஆண்டுகள் வீட்டு உபயோக ஃபிரிட்ஜைத்தான் நம்பியிருந்தோம்.

மாற்றியதற்கு ஒரு காரணம் உண்டு. காலையும் மாலையும் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவோம். எப்போதும் 4 முதல் 6 டிகிரி செல்சியஸ் வரைதான் இருக்கும். தேவையான வரம்பு 2 முதல் 8 வரை என்பதால் எங்களுக்கு ஐயமே எழவில்லை. அந்த ஆண்டு தை மாதத்தில், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பநிலையைத் தானே குறித்துக்கொள்ளும் டேட்டா லாகர் ஒன்றை நண்பரிடம் வாங்கி, உறைபகுதிக்கு நேர் கீழுள்ள தட்டில் ஒரு வாரம் வைத்தேன். கதவு திறக்கப்படாத பின்னிரவில், அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில், அந்தத் தட்டு பூஜ்ஜியத்துக்குக் கீழே 1.5 டிகிரி வரை இறங்கியிருந்தது. பென்டாவேலன்ட், ஹெபடைடிஸ் பி, டி.பி.டி. குப்பிகளை நாங்கள் வைத்திருந்ததும் அதே தட்டில்தான்.

இவற்றில் அலுமினிய உப்பு சேர்க்கப்பட்டிருக்கிறது. ஒருமுறை உறைந்துவிட்டால் அந்த உப்புத் துகள்கள் ஒன்றோடொன்று திரண்டுவிடும். பிறகு உருக வைத்தாலும் மருந்தின் வீரியம் திரும்புவதில்லை. அரசுத் திட்டக் குப்பிகளில் ஒட்டப்படும் வி.வி.எம். குறியீடு வெப்பத்தால் வந்த கேட்டை மட்டுமே காட்டும், உறைந்ததைக் காட்டாது. குலுக்கல் சோதனை செய்து பார்த்தோம்: அதே தொகுதிக் குப்பி ஒன்றை வேண்டுமென்றே உறைய வைத்து, உருக்கி, ஐயத்துக்குரிய குப்பியோடு சேர்த்துக் குலுக்கி மேசை மேல் வைத்தபோது, அரை மணி நேரத்தில் இரண்டிலும் ஒரே வேகத்தில் வண்டல் படிந்தது. இருப்பு முழுவதையும் அழித்தோம். அந்தத் தட்டிலிருந்து மருந்து பெற்ற குழந்தைகளின் பெற்றோரைப் பதிவேட்டைப் பார்த்து ஒவ்வொருவராக அழைத்து, நடந்ததைச் சொல்லி, கட்டணமின்றி மறுபடி ஊசி போட்டோம். அந்தத் தொலைபேசி உரையாடல்களின் சுமை இன்றும் என்னிடம் இருக்கிறது.

இதன் பிறகுதான், தடுப்பூசிக் கிடங்குகளில் பயன்படும் 30 நாள் வெப்பப் பதிவுக் கருவியின் அமைப்பு எனக்கு விளங்கியது. வெப்பநிலை 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் நின்றால்தான் அது எச்சரிக்கும், மைனஸ் 0.5 டிகிரிக்கு இறங்கினாலோ ஒரு மணி நேரமே போதும். மின்வெட்டைக் கண்டு பதறும் நாம் அதிகக் குளிரைக் கண்டு பதறுவதில்லை.

ஐ.எல்.ஆரில் அடிப்பகுதிதான் மிகக் குளிர்ந்தது. ஆகவே உறைந்தால் கெடும் மருந்துகள் மேல் கூடையிலும், போலியோ சொட்டு, பி.சி.ஜி., எம்.எம்.ஆர். ஆகியவை கீழும் இருக்கும். பெட்டி அதன் தகுதியை மெய்ப்பித்தது 2023 டிசம்பர் வெள்ளத்தில். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய அந்த ஞாயிறு இரவு எங்கள் தெருவிலும் மின்சாரம் போயிற்று. மூன்றாம் நாள்தான் வந்தது. மூடியைத் திறக்கவே இல்லை. முப்பது மணி நேரம் கழித்தும் லாகர் 6.8 காட்டியது. அதன் பின் மருந்துகளை, மின்சாரமின்றி ஐஸ் பேக்குகளால் குளிரைக் காக்கும் குளிர்பெட்டகத்துக்கு மாற்றினோம். குலுக்கினால் உள்ளே நீர் சலசலக்கும் வரை ஐஸ் பேக்குகளை வெளியில் வைத்திருந்து, பிறகே அடுக்கினோம். நேரடியாக உறைபெட்டியிலிருந்து எடுத்து வைத்திருந்தால், வெள்ளத்தில் தப்பிய மருந்து எங்கள் கையாலேயே உறைந்திருக்கும்.

குறைகளும் உண்டு. சாதாரண ஃபிரிட்ஜைவிடப் பல மடங்கு விலை. மேலிருந்து திறப்பதால், காலாவதி நெருங்கிய குப்பி அடியில் மறைந்துவிடுகிறது. எதற்கு எந்தத் தேதி என்ற பட்டியலை மூடி மேல் ஒட்டி, வாரந்தோறும் திருத்துகிறோம். நான்காம் ஆண்டில் ஸ்டெபிலைசர் பழுதாகி, மாற்று வர ஒன்பது நாள் ஆனது. அதன் பிறகு உபரியாக ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். துப்புரவுப் பணியாளர் ஒருமுறை தெரியாமல் பிளக்கைப் பிடுங்கியதால், இப்போது சுவிட்ச் இல்லாத நேரடி இணைப்பு.

ஐ.எல்.ஆர். வாங்க இப்போதைக்கு இயலாதவர்கள் முதலில் டேட்டா லாகர் வாங்குங்கள். உறைபகுதியை ஒட்டிய தட்டைக் காலியாக விடுங்கள். கதவிலும் காய்கறித் தட்டிலும் மருந்துக்குப் பதிலாகத் தண்ணீர்ப் பாட்டில்களை நிரப்புங்கள். உணவுப் பொருள் எதையும் உள்ளே விடாதீர்கள். லாகரின் இரவு நேரப் பதிவை, ஞாயிற்றுக்கிழமை உட்பட, மறுநாள் காலை முதல் ஊசி போடும் முன் மருத்துவரே பார்க்க வேண்டும்.