ஓட்டிசம் 90 நாளில் குணமாகும் என்று யாராவது சொன்னால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் ஓட்டிசம் (பேசுவதும் மற்றவர்களோடு பழகுவதும் வேறு மாதிரி இருக்கிற, மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்ட நிலை) உள்ள பிள்ளையை வளர்க்கிறவர்களும், இன்னும் பெயர் தெரியாமல் "பிள்ளை ஏன் பேசவில்லை" என்று அலைகிறவர்களும் இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். அப்படிச் சொன்ன ஒரு இடத்தில் நாங்கள் 195,500 ரூபா இழந்துவிட்டோம். அது என் மாமியாரின் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) காசு. வாழ்நாள் முழுக்க கொழுந்து எடுத்து, கால் வீங்கி, இனிமேல் மலை ஏற முடியாது என்று பெயர் வெட்டிக்கொண்டு வந்தபோது கையில் கிடைத்த காசு. அப்போதைய நாள் சம்பளம் 1,350 என்று கணக்குப் பார்த்தால் 145 நாள் வேலை.

இடத்தின் பெயரை இப்போது எழுத மாட்டேன், முறைப்பாடு கொடுத்திருக்கிறோம். அதோடு இதே மாதிரி பேனர் வேறு டவுன்களிலும் தொங்குவதாகக் கேள்விப்பட்டேன், அதனால் பெயரை விட அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எப்படிக் காசை எடுக்கிறார்கள் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

என் மகனுக்கு இப்போது ஐந்தரை வயது. மூன்று வயது வரைக்கும் ஒரு சொல் கிடையாது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், ஆனால் அடுத்த லயத்தில் பிஸ்கட் பேப்பர் கிழிகிற சத்தம் கேட்டால் ஓடுவான். முதலில் கவனித்தது எங்கள் மிட்வைஃப் மிஸ்தான். அவர் எழுதிக் கொடுத்துத்தான் கண்டிப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஓட்டிசம் என்று சொன்னார்கள், பேச்சுப் பயிற்சிக்கும் பதிந்தார்கள், காசு ஒன்றும் எடுக்கவில்லை. ஆனால் ஒரு தடவை போய் வர ஒரு நாள் முழுக்கப் போகும், அடுத்த திகதி மாதக்கணக்கில் தள்ளி வரும். அந்த இடைவெளியில் ராத்திரி பிள்ளை தூங்காமல் குதித்துக்கொண்டிருக்க, போனைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிற அம்மாவை இவர்கள் பிடிக்கிறார்கள். முகநூலில் ஒரு விளம்பரம், "90 நாட்களில் முழுமையான மாற்றம்", கீழே வட்ஸ்அப் நம்பர், நான் ராத்திரி பதினொரு மணிக்கு மெசேஜ் போட்டேன், இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

மாடியில் வாடகைக்கு எடுத்த இரண்டு அறை. வெள்ளைக் கோட் போட்ட ஒருவர், எல்லாரும் டொக்டர் என்று கூப்பிடுகிறார்கள், சுவர் நிறைய ஆங்கிலத்தில் சான்றிதழ். மகனைப் பத்து நிமிடம் கூடப் பார்க்கவில்லை. "அம்மா, நீங்க பயப்படவே தேவையில்ல, இது ஓட்டிசமே இல்ல, அஸ்பெர்கர்தான், லேசானது, சீக்கிரம் குணமாகும்" என்றார். நான் அங்கேயே அழுதுவிட்டேன். கொழும்பில் கடையில் நிற்கிற என் கணவருக்குப் போன் போட்டு, "நம்ம பிள்ளைக்கு ஓட்டிசம் இல்லையாம்" என்று சொன்னபோது அவர் குரலும் மாறிவிட்டது. அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் முழுக் காசையும் எடுத்தார்கள்.

பின்னால் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன், நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அஸ்பெர்கர் என்பது 1944ல் வியன்னாவில் சில பிள்ளைகளைப் பற்றி எழுதிய ஹான்ஸ் அஸ்பெர்கர் என்ற டொக்டரின் பெயர். 1994ல் அமெரிக்க மனநல வைத்தியர்களின் கையேட்டில் அது தனிப் பெயராக வந்தது, 2013ல் அதையும் ஓட்டிசம் என்ற ஒரே பெயருக்குள் சேர்த்துவிட்டார்கள். அதனால் இன்றைக்கு ஒருவர் "ஓட்டிசம் இல்லை, அஸ்பெர்கர்" என்று சொன்னால் அதுவே தப்பு. பழைய முறைப்படி பார்த்தாலும் இரண்டு வயதுக்குள் தனிச்சொல், மூன்று வயதுக்குள் சின்ன வசனம் பேசின பிள்ளைக்குத்தான் அந்தப் பெயரைக் கொடுக்கலாம். மூன்று வயதில் ஒரு சொல் இல்லாத என் மகனுக்கு அது எந்தக் காலத்திலும் பொருந்தாது. "லேசானது" என்பதும் சரியில்லை, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பதிவுக் கட்டணம் 5,000. அப்புறம் முடி வெட்டி எடுத்து "இந்தியாவுக்கு அனுப்பி டெஸ்ட்" என்று 28,000. வந்த ரிப்போர்ட்டில் பாதரசம் கூடுதல் என்று சிவப்பு நிறத்தில் கோடு. தடுப்பூசியால் வந்தது என்றார், அதனால் ஐந்து வயது ஊசியைப் போட வேண்டாம் என்றார். நான் மிட்வைஃப் மிஸ்ஸிடம் போய்ச் சண்டை போட்டேன், "நீங்க போட்ட ஊசியாலதான் என் பிள்ளை இப்படி ஆனான்" என்று நாலு பேர் முன்னால் கத்தினேன். என் பிள்ளையின் குறையை முதலில் கண்டுபிடித்துச் சொன்ன மனுஷி அவர். பிறகு போய் மன்னிப்புக் கேட்டேன், அவர் ஒன்றும் சொல்லாமல் ஊசித் திகதியை எழுதித் தந்தார். தடுப்பூசியால் ஓட்டிசம் வரும் என்ற கதை 1998ல் இங்கிலாந்தில் 12 பிள்ளைகளை வைத்து எழுதிய ஒரு கட்டுரையில் இருந்து கிளம்பியது. 2010ல் அந்தக் கட்டுரையை வெளியிட்ட சஞ்சிகையே அதை வாபஸ் வாங்கியது, எழுதிய டொக்டரின் பெயரையும் அதே வருடம் வைத்தியர் பதிவில் இருந்து நீக்கினார்கள். அந்தக் கட்டுரை பேசிய எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான) ஊசியில் பாதரசம் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

இன்னொன்றும் கேட்டார், "வேலைக்குப் போறப்ப பிள்ளையை எங்க விட்டீங்க?" பிள்ளைக்காம்பராவில் (தோட்டத்துப் பிள்ளைகள் காப்பகம்) என்று சொன்னேன், நான் தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன், வேறு வழியில்லை. "அதுதான், தாயோட சூடு கிடைக்கல" என்றார். அந்த ஒரு வசனத்தால் நான் பல மாதம் தூங்கவில்லை. தாயின் பாசம் குறைந்ததால் ஓட்டிசம் வரும் என்று வெளிநாட்டில் ஒரு காலத்தில் பெரிய பெரிய ஆட்களே சொன்னார்களாம், அது பிழை என்று தள்ளிப் பல காலம் ஆகிறது. பிள்ளையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுக் கொழுந்துக்குப் போகிற எந்த அம்மாவிடமும் இதைச் சொல்ல ஒருவருக்கும் உரிமை இல்லை.

90 நாள் பக்கேஜ் 145,000. பால், கோதுமை இரண்டையும் அடியோடு நிறுத்தச் சொன்னார்கள். என் மகன் சாப்பிடுவது ஐந்தே ஐந்து சாமான்: ரொட்டி, பால் தேத்தண்ணி, மாரி பிஸ்கட், வெள்ளைச் சோறு, பருப்பு. அதில் மூன்றை ஒரே நாளில் பிடுங்கினால் பிள்ளை என்ன செய்யும்? இரண்டு கிழமை சோற்றையும் தொடவில்லை. மூன்று கிலோ குறைந்தான். "விஷம் வெளியேறும்போது அப்படித்தான்" என்றார்கள். பிறகு "உலோகத்தை இறக்குகிற" சொட்டு மருந்து, அதற்குத் தனியாக 17,500. லேபல் இல்லாத போத்தல். குடித்தால் வயிற்றோட்டம், அதற்கும் அதே பதில். அமெரிக்காவில் 2005ல் உடம்பில் இருந்து உலோகத்தை எடுக்கிறோம் என்று ஊசி ஏற்றி ஓட்டிசம் உள்ள ஐந்து வயதுப் பையன் இறந்திருக்கிறான், இரத்தத்தில் கல்சியம் இறங்கி இதயம் நின்றது. இதை வாசித்த அன்றைக்குத்தான் நான் போத்தலைப் பூட்டி வைத்தேன். கொட்ட வேண்டாம், பூட்டி வையுங்கள், ஆஸ்பத்திரியில் கேட்டால் காட்ட வேண்டும்.

பயிற்சி என்று உள்ளே கூட்டிக்கொண்டு போவார்கள், நாங்கள் வெளியே. கேட்டால் "தாய் இருந்தா பிள்ளை ஒத்துழைக்காது". உள்ளே அவன் அலறுவது படிக்கட்டு வரை கேட்கும். என் மூத்த மகள், பதினொரு வயது, ஒரு நாள் என்னோடு வந்தவள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, தம்பி அடம் பிடிச்சு அழல, பயந்து அழறான்" என்றாள். அவள் சொல்லி இன்னும் ஆறு நாள் கூட்டிக்கொண்டு போனேன். காசு கட்டியாகிவிட்டதே என்று போனேன்.

ரசீதைப் பற்றிச் சொல்ல வேண்டும். "சிகிச்சை" என்று ஒரு இடத்திலும் எழுதவில்லை, "கல்விச் சேவைக் கட்டணம்" என்றுதான் இருக்கிறது. கையெழுத்து வாங்கின ஆங்கிலப் படிவத்தில் பணம் திருப்பித் தரப்படாது என்றும், பிள்ளையின் படத்தையும் வீடியோவையும் பயன்படுத்தலாம் என்றும் இருந்திருக்கிறது. எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும், ஆனால் அன்றைக்கு நான் வாசிக்கவில்லை, அஸ்பெர்கர்தான் என்ற சந்தோஷத்தில் காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்து வைத்தேன்.

இரண்டாவது மாத முடிவில் நிறுத்தினோம். ஆஸ்பத்திரித் திகதி ஒன்றும் தவறிப்போனது, "இங்க வர்ற காலத்துல அங்க போகக் கூடாது" என்று சொல்லியிருந்தார்கள். காசை விட எனக்கு அதுதான் இன்னும் வலிக்கிறது. திரும்பப் போனபோது பேச்சுப் பயிற்சி மிஸ் ஒரு வார்த்தை திட்டவில்லை. ஓட்டிசத்தை இல்லாமல் ஆக்குகிற மருந்து உலகத்தில் எங்கேயும் கிடையாது, பிள்ளைக்குப் பேசவும் பழகவும் வழி காட்டலாம், தூக்கம் மாதிரி கஷ்டங்களுக்கு டொக்டர் பார்த்து உதவலாம் என்று சொன்னார். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்துத்தான் அவனோடு விளையாடினார். வீட்டில் நாங்கள் செய்ய வேண்டியதைத்தான் அவர் சொல்லித் தந்தார்: பிஸ்கட்டையும் ரொட்டியையும் இரண்டு கையில் காட்டிக் கேள், கேட்டுவிட்டுப் பத்து எண்ணும் வரை சும்மா இரு.

இப்போது நாங்கள் ஏழு குடும்பம், போயா நாளில் கோயில் மண்டபத்தில் கூடுகிறோம். ஆரம்பித்தது இப்படித்தான், ஆஸ்பத்திரி வரிசையில் ஒரு அக்காவிடம் என் கதையைச் சொன்னேன், அவர் பையில் இருந்து அதே மாதிரி லேபல் இல்லாத போத்தலை எடுத்துக் காட்டினார். எங்களில் மூன்று பேர் அதே இடத்தில் காசு கட்டியிருக்கிறோம், மூன்று பேருக்கும் "அஸ்பெர்கர்தான்" என்று சொல்லியிருக்கிறார்கள், மூன்று பேரின் ரிப்போர்ட்டிலும் ஒரே சிவப்புக் கோடு. தனித்தனியாக இருந்திருந்தால் இது ஒருபோதும் தெரிய வந்திருக்காது. படக் கார்ட் மாற்றிக்கொள்கிறோம், ஒரு அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவர் பிள்ளையைப் பார்க்கிறார், என் மகன் தரையில் விழுந்து கத்தினால் அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அந்த அக்காவின் மகனுக்குப் பதினேழு வயது. நன்றாகப் பேசுவான், உடரட்ட மெனிகே, பொடி மெனிகே எந்த ஸ்டேஷனுக்கு எத்தனை மணிக்கு வரும் என்று புத்தகம் பார்க்காமல் சொல்வான். அந்தக் காலமாக இருந்தால் அஸ்பெர்கர் என்று எழுதியிருப்பார்கள். ஆனால் வகுப்பில் பையன்கள் செய்த கேலி தாங்காமல் ஒரு வருடம் பாடசாலைக்கே போகவில்லை, கடைக்குப் போய்ச் சாமான் கேட்க இன்னும் அம்மா பக்கத்தில் நிற்க வேண்டும். இதை லேசானது என்று யாராவது அந்த அம்மாவிடம் சொல்லட்டும். போன போயாவில் நான் அந்த மாடி அறையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவன் தலை நிமிராமலே கேட்டான், "அன்ட்டி, அங்க டியூப் லைட்டா?" ஆமாம், இரண்டு இருந்தது, ஒன்று விட்டு விட்டு எரியும். "அது சத்தம் போடும். உங்களுக்குக் கேட்காது. எனக்குப் பல்லுக்குள்ள கேட்கும்." என் மகன் உள்ளே காதைப் பொத்திக்கொண்டு நின்றது ஏன் என்று எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

யாராவது டொக்டர் என்று சொன்னால் இலங்கை மருத்துவச் சபையில் அவர் பதிந்திருக்கிறாரா என்று பாருங்கள், பேச்சுப் பயிற்சி தருகிறவர்களும் அங்கே பதிய வேண்டும், பதிவு இலக்கத்தைக் கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. உங்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினால் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாருங்கள். ஏற்கெனவே காசு கட்டியிருந்தால் ரசீது, போத்தல், வட்ஸ்அப் மெசேஜ் ஒன்றையும் அழிக்காதீர்கள், பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அழையுங்கள், எனக்கும் உள்பெட்டியில் எழுதுங்கள்.

கடைசியாக அவர்கள் விளம்பரத்துக்குப் போட்டிருக்கிற வீடியோ. எவ்வளவு சொல்லியும் இன்னும் அதை நீக்கவில்லை. சிவப்பு ஸ்வெட்டர் போட்ட ஒரு பையன் கமராவைப் பார்க்காமல் "அக்கா" என்று சொல்வான், கீழே "45 நாளில் முதல் வார்த்தை" என்று போட்டிருப்பார்கள். அது என் மகன். அந்த வார்த்தையை அவன் அங்கே போவதற்கு ஐந்து மாதத்துக்கு முன்பே எங்கள் வீட்டு வாசலில் சொன்னான், சொல்லிக் கொடுத்தது அவன் அக்கா.