பாடப்பொருள் சேகரிக்க ஜோட்டெரோ: நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிபவை

ஆசிரியர் பயிற்சியில் சேரும் பயிற்சித்தாள்களும் கட்டுரைகளும் சில வாரங்களிலேயே தரவிறக்கக் கோப்புறையை நிறைத்துவிடும். வேண்டிய நேரத்தில் எதுவும் அகப்படாது. கட்டுரைகளையும் அவற்றின் விவரங்களையும் சேகரித்து அடுக்கி, மேற்கோள் பட்டியலும் தயாரிக்கும் ஜோட்டெரோ இதற்கு நல்ல மருந்து. 2006-இல் வந்த இலவசத் திறமூல மென்பொருள் இது. ஆய்வாளர்களுக்காக எழுந்தது என்றாலும் மேல்நிலை வகுப்பு எடுக்கப் போகிறவருக்கும் முழுக்கப் பொருந்தும்.

உலாவியில் அதன் கனெக்டர் என்ற நீட்சியை நிறுவி, கட்டுரைப் பக்கத்தில் ஒரு முறை தட்டினால் தலைப்பு, ஆசிரியர், ஆண்டு எல்லாம் பதிவாகும். பிடிஎஃப் திறந்த நிலையில் கிடைத்தால் அதுவும் கூடவே வரும். புத்தகத்துக்கு ஐஎஸ்பிஎன் எண் போதும். கல்வி ஆய்வுகளைத் தேட எரிக் தரவுத்தளமே முதல் இடம். முழுக்கட்டுரை கிடைப்பவை, துறை வல்லுநர் மதிப்பிட்டவை என்ற இரண்டு வடிகட்டிகளையும் போட்டுத் தேடுங்கள்.

தானாக வரும் விவரத்தை அப்படியே விட்டுவிடக் கூடாது. தளத்தில் ‘முருகேசன் க.’ என்று இருந்தால் ‘க.’ குடும்பப் பெயராகிவிடும். மேற்கோள் பட்டியலும் அந்த எழுத்தின்படியே அடுக்கும். பெயர்ப் பெட்டியை ஒற்றைப் புலமாக மாற்றிவிட்டுத் தட்டச்சு செய்தால் தீர்ந்தது. டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் தனித்தனியாகத் தரப்படும் நிலையான அடையாள எண்) விடுபட்டிருந்தால் அதையும் நிரப்புங்கள். சேமித்த கட்டுரையை இதழ் பின்னாளில் திரும்பப் பெற்றால் ஜோட்டெரோ எச்சரிக்கும். அந்த எச்சரிக்கை பெரும்பாலும் இந்த எண்ணை நம்பித்தான் வருகிறது. மாணவர் முன் தவறான ஆய்வைக் கொண்டுபோகாமல் காக்கும் வசதி என்பதால் இதைப் பெரிதாக மதிக்கிறேன்.

அலகுக்கு ஒரு தொகுப்பு வைத்துக்கொள்ளலாம். ஒரே பதிவைப் பல தொகுப்புகளில் போட்டாலும் நகல் பெருகாது. ‘அறிமுகம்’, ‘செய்முறை’, ‘தேர்வு’ என்று பயன்பாட்டைச் சொல்லும் குறிச்சொற்களுக்கு நிறம் கொடுத்தால், 1 முதல் 9 வரை எண் விசைகளாலேயே ஒட்டலாம். சேமிக்கும்போதே ஒட்டிவிட வேண்டும். நூறு பதிவு சேர்ந்தபின் உட்கார்ந்து ஒட்ட யாராலும் முடியாது.

பலரும் வெறுமையாக விடும் ‘உரிமை’ புலம்தான் ஆசிரியருக்கு மிக முக்கியம். படைப்பைப் பிறர் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் என்.டி. (ND) என்று இருந்தால் மாற்றியமைத்த வடிவத்தைப் பகிர அனுமதி இல்லை. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். ஆங்கிலப் பயிற்சித்தாளைத் தமிழாக்கிச் சக ஆசிரியர்களுக்கு அனுப்பும் எண்ணம் இருந்தால், சேமிக்கும் அன்றே உரிமத்தைக் குறித்து வையுங்கள். எஸ்.ஏ. (SA) என்றால், தமிழாக்கத்தையும் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.

குறைகளும் உண்டு. கோப்புகளைச் சேமிக்க ஜோட்டெரோ இணையத்தில் தரும் இலவச இடம் 300 எம்பி மட்டும். பதிவு விவரங்களும் குறிப்புகளும் இந்தக் கணக்கில் வராது, இணைப்புக் கோப்புகளே வரும். வலைப்பக்கங்களைத் தானாக நகலெடுக்கும் அமைப்பை நிறுத்தினால் இடம் நெடுநாள் தாங்கும். இடத்தை மிச்சப்படுத்த ஜோட்டெரோவின் தரவுக் கோப்புறையை மேகச் சேமிப்புக் கோப்புறைக்குள் நகர்த்துவது பெரிய தவறு, தரவுத்தளம் சிதைந்துபோகும். வருடியெடுத்த பிடிஎஃபில் எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள்) ஓட்டாவிட்டால் வரிகளில் வண்ணம் தீட்டவோ தேடவோ முடியாது.

இன்னொன்று: ஜோட்டெரோவுக்குள் தீட்டிய வண்ணமும் எழுதிய குறிப்பும் தரவுத்தளத்தில்தான் இருக்கும், பிடிஎஃப் கோப்பில் இருக்காது. மாணவருக்கோ வழிகாட்டிக்கோ அனுப்பும்போது கோப்பை நேராக எடுத்து ஒட்டாமல், ‘பிடிஎஃப் ஏற்றுமதி’ வழியாக, குறிப்புகளைச் சேர்க்கும் தெரிவோடு எடுத்து அனுப்புங்கள்.