ஜிபிடி கம்பேர்: ஐரோப்பாவின் பச்சைக் கட்டங்களை மூன்று மாதம் பார்த்த அனுபவம்

நான் ஜெர்மனியில் ஒரு மறுவாழ்வு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். போன வருடம் எங்களிடம் ஒரு ருமேனியக் கட்டடத் தொழிலாளி வந்து சேர்ந்தார். மூன்று மாடி உயரச் சாரத்திலிருந்து விழுந்து, கழுத்துக்குக் கீழே தண்டுவடம் அடிபட்டு, ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டு போய் அன்று மாலையே ஆபரேஷன் செய்து காப்பாற்றியிருக்கிறார்கள். எங்களிடம் வந்த ஆறாவது வாரம் பாரலல் பாரை (நடக்கப் பழகுபவர் இரு கையாலும் பிடித்துக்கொள்ளும் இணைக் கம்பிகள்) பிடித்து முதல்முறை நின்றார், பத்து விநாடி இருக்கும், கை இரண்டும் வெடவெடவென்று நடுங்குகிறது, சட்டை முதுகோடு ஒட்டிப்போயிருக்கிறது. வீல்சேரில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன். குடித்து முடித்துவிட்டுக் கேட்டார்: "இதே நான் எங்கள் ஊரில் விழுந்திருந்தால்?"

அவர் ஊர் ருமேனியாவின் வடகிழக்கில், வாஸ்லுய் மாவட்டத்தில். எனக்குப் பதில் தெரியவில்லை. பிழைத்திருப்பீர்களா என்று ஒரு கேள்வி, பிழைத்திருந்தால் இப்படி நின்றிருப்பீர்களா என்று இன்னொரு கேள்வி, இரண்டும் வேறு வேறு. அன்று இரவு தேட ஆரம்பித்து, கடைசியில் ஜிபிடி கம்பேர் என்ற இணைய டூலில் வந்து நின்றேன். மூன்று மாதமாகக் கிட்டத்தட்ட தினமும் திறந்து பார்க்கிறேன், அதனால் இதைப் பற்றி எழுதத் தகுதி இருக்கிறது என்று நினைக்கிறேன். (சாட்ஜிபிடி இல்லை, அது வேறு. இது குளோபல் பர்டன் ஆஃப் டிசீஸ், அதாவது உலக நோய்ச் சுமைக் கணக்கு.)

அமெரிக்காவில் சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இருக்கிற ஐஎச்எம்இ என்ற நிறுவனம் நடத்துகிறது, 2007-ல் தொடங்கியது, பெரும் பணம் கேட்ஸ் அறக்கட்டளையிலிருந்து. பார்ப்பதற்குக் காசு கிடையாது. 1990-லிருந்து ஒவ்வொரு வருடத்துக்கும், ஒவ்வொரு நாட்டுக்கும், எதனால் எத்தனை பேர் செத்தார்கள், எதனால் எத்தனை பேர் உடல் முடியாமல் வாழ்கிறார்கள் என்று மதிப்பிட்டுக் காட்டும். கைபேசியில் திறக்காதீர்கள், லேப்டாப் திரையாவது வேண்டும்.

திறந்தால் பெரிய செவ்வகம் ஒன்று பல கட்டங்களாகப் பிரிந்து தெரியும். தொற்றுநோய், பிரசவம் சார்ந்தவை சிவப்பு, இதயநோய் புற்றுநோய் போன்றவை நீலம், காயங்கள் எல்லாம் பச்சை. சாலை விபத்து, தவறி விழுதல், தற்கொலை, நீரில் மூழ்குதல், தீ, வன்முறை, போர் எல்லாம் அந்தப் பச்சைக்குள் வரும். கட்டம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு சுமை. நிறம் அடர்ந்திருந்தால் அந்தச் சுமை ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், வெளுத்திருந்தால் இறங்குகிறது.

முதல் வாரம் முழுக்க நான் செய்தது வருட ஸ்லைடரை இழுத்துப் பார்த்ததுதான். லிதுவேனியாவை வைத்து 90-களின் நடுப்பகுதிக்குப் போங்கள், பச்சை எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள், அப்புறம் மெதுவாக 2020 பக்கம் இழுங்கள். சோவியத் உடைந்து வேலை போய், சாராயம் மலிந்து, பழைய கார்களும் மோசமான சாலைகளுமாக இருந்த காலம் அது. பிறகு 2004-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தார்கள், 2018-ல் மது வாங்கும் வயதை 20 ஆக்கி, விளம்பரத்தைத் தடுத்து, கடை நேரத்தையும் குறைத்தார்கள். இதெல்லாம் டூலில் எழுதியிருக்காது, நாம்தான் தெரிந்து வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். போஸ்னியாவை வைத்து, அங்கே போர் நடந்த 1992-லிருந்து 1995 வரை இழுத்தபோது நான் லேப்டாப்பை மூடிவிட்டு எழுந்துபோய் ஜன்னலோரம் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஒரு விஷயத்தை மட்டும் மறக்காதீர்கள். வயதைச் சீராக்கிய விகிதம் என்று ஒரு தேர்வு இருக்கிறது, நாடுகளை ஒப்பிடும்போது அதைத்தான் எடுக்க வேண்டும். வெறும் எண்ணிக்கையைப் பார்த்தால் ஜெர்மனி எப்போதும் பெரிதாகத்தான் இருக்கும், அவ்வளவு ஜனம், அதுவும் வயதான ஜனம்.

சரி, இந்த டூலை நான் ஏன் இவ்வளவு மதிக்கிறேன் என்று சொல்கிறேன். விபத்தைப் பற்றிப் பேசுகிற மற்ற பெரும்பாலான இடங்களில் செத்தவர் எண்ணிக்கைதான் முன்னால் இருக்கும். 2023-ல் பத்து லட்சம் பேருக்குச் சாலையில் செத்தவர்கள் ஸ்வீடனில் 22, ருமேனியாவில் 81, பல்கேரியாவில் 82, ஐரோப்பிய ஒன்றியச் சராசரி 46. இது முக்கியமான கணக்குதான், ஒரே ஒன்றியத்துக்குள் கிட்டத்தட்ட நாலு மடங்கு வித்தியாசம் என்பது சாதாரணமா? ஆனால் என்னிடம் வருகிறவர்கள் இந்தக் கணக்கில் எங்கேயும் கிடையாது. அவர்கள் சாகவில்லை. ஜிபிடி கம்பேரில் "மரணம்" என்பதை மாற்றி, "இயலாமையோடு வாழ்ந்த ஆண்டுகள்" என்பதை அழுத்தினால் அவர்கள் வந்துவிடுகிறார்கள்.

அது எப்படிக் கணக்காகிறது என்று தோண்டிப் பார்த்தேன், இங்கேதான் எனக்குத் தூக்கம் போனது. ஒவ்வொரு பாதிப்புக்கும் 0-விலிருந்து 1 வரை ஒரு எடை கொடுக்கிறார்கள், 0 என்றால் முழு ஆரோக்கியம், 1 என்றால் மரணத்துக்குச் சமம். கழுத்துக்குக் கீழே தண்டுவடம் பாதித்தவருக்கு, சிகிச்சை கிடைத்தால் எடை 0.296. கிடைக்காவிட்டால் 0.623. அதே காயம், அதே உடம்பு. அப்படி 30 வருடம் வாழ்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், முதல் ஆள் இழப்பது 9 ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டாவது ஆள் இழப்பது 18-க்கும் மேல். இடையில் இருக்கிற அந்த ஒன்பது பத்து வருடம்தான் வீல்சேர், படுக்கைப்புண் வராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போடும் நர்ஸ், சிறுநீர்க் குழாயைச் சுத்தமாகப் போட்டுக்கொள்ளச் சொல்லிக் கொடுப்பது, பாரலல் பார், நான். என் வேலையை இவ்வளவு சுருக்கமாக ஒரு கழித்தல் கணக்கில் யாரும் எனக்குக் காட்டியதில்லை.

இந்த எடைகளை யார் வைத்தது என்று கேட்பீர்கள். டாக்டர்கள் மட்டும் உட்கார்ந்து வைத்தது இல்லை. சாதாரண மக்களிடம் இரண்டிரண்டு நிலைகளை விவரித்து, இவர்களில் யார் ஆரோக்கியமானவர் என்று கேட்டு, அந்தப் பதில்களிலிருந்து எடுத்தவை. முதல் சுற்றில் வங்கதேசம், இந்தோனேசியா, பெரு, தான்சானியா, அமெரிக்கா. பிறகு ஐரோப்பாவில் ஹங்கேரி, இத்தாலி, நெதர்லாந்து, ஸ்வீடன். இந்த முறையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, ஆரோக்கியத்தை மட்டும் கேட்கிறார்கள், வாழ்க்கையைக் கேட்பதில்லை. படிக்கட்டு மட்டுமே உள்ள வீட்டில் வீல்சேரில் இருப்பதும், லிஃப்ட் உள்ள வீட்டில் இருப்பதும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். என் நோயாளிகளுக்கு அது ஒன்று இல்லை.

இனி இதை நம்பிப் பயன்படுத்துவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியவை. தவறி விழுதலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 கணக்கில் 70 வயதைத் தாண்டியவர்களில், விழுந்து சிகிச்சைக்குப் போனவர்கள் லட்சத்துக்கு கிரீஸில் ஏறத்தாழ 7,600, நார்வேயில் 19,800. மேப்பில் பார்த்தால் நார்வே ஏதோ ஆபத்தான நாடு போலத் தெரியும். பனியில் வழுக்குகிறது, எலும்புத் தேய்மானம் வட நாடுகளில் அதிகம், அதெல்லாம் உண்மைதான். ஆனால் நார்வேயில் விழுந்து சிகிச்சைக்குப் போகிறவர் பெரும்பாலும் பதிவேட்டில் ஏறிவிடுகிறார், இன்னொரு நாட்டில் பாட்டி வீட்டிலேயே மருந்தெண்ணெய் தேய்த்துக்கொண்டு படுத்துவிடுகிறார். எங்கே தரவு மெல்லியதோ அங்கே கணினி மாடல்தான் நிரப்புகிறது, கட்டம் மட்டும் எல்லா நாட்டுக்கும் ஒரே மாதிரி கச்சிதமாகத் தெரிகிறது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் கொடுத்திருப்பார்கள், அதைப் பார்க்காமல் எதையும் எடுத்து எழுதாதீர்கள்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அளவுக்கு மீறிக் குடித்து ஆல்கஹால் விஷமாகிச் செத்தவர், போதை மருந்து மிஞ்சிச் செத்தவர் இரண்டு பேரும் இந்த டூலில் பச்சையில் வரமாட்டார்கள், நீலத்தில் மது, போதைப் பழக்க நோய்களுக்குள் போய்விடுவார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளியியல் அலுவலகமான யூரோஸ்டாட் அதே ஆல்கஹால் விஷ மரணத்தை விபத்து போன்ற புறக் காரணங்களில் சேர்க்கிறது. ரஷ்யா, பால்டிக் நாடுகள் என்று வரும்போது இது சின்ன விஷயம் இல்லை. எஸ்தோனியாவில் 2000-களில் ஃபென்டனில் என்கிற போதை மருந்து எத்தனை இளைஞர்களைக் கொண்டுபோனது! பச்சையை மட்டும் பார்த்தால் அவர்கள் கண்ணில் படவே மாட்டார்கள்.

அப்புறம் பிராந்தியப் பிரிவு. எஸ்தோனியா, லாட்வியா, லிதுவேனியா மூன்றையும் ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ், மால்டோவாவோடு சேர்த்து "கிழக்கு ஐரோப்பா" என்று ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறார்கள். 14 கோடிப் பேர் உள்ள ரஷ்யா இருக்கிற கூட்டத்தில் 14 லட்சம் பேர் கூட இல்லாத எஸ்தோனியாவின் சராசரி என்ன ஆகும்? "மத்திய ஐரோப்பா"வில் ஸ்லோவேனியாவும் ருமேனியாவும் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன. பிராந்திய எண்ணை எடுக்காதீர்கள், நாடு நாடாகப் பாருங்கள்.

காரணத்தையும் இது சொல்லாது. ஸ்வீடனின் சாலைக் கட்டம் ஏன் சுருங்கியது என்று தெரிய வேண்டுமானால் நீங்கள் வேறு இடத்தில் படிக்க வேண்டும்: 1997-ல் அந்த நாட்டு நாடாளுமன்றம் சாலையில் ஒரு சாவும் கூடாது என்று கொள்கை எடுத்தது, மறு வருடம் யெவ்லே நகரத்துப் பக்கம் ஈ4 சாலையில் நடுவே எஃகு வடக்கம்பி கட்டி, மூன்று தடத்தில் நடுத்தடத்தை இரண்டு திசைக்கும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள், எதிரெதிர் மோதலே நடக்க முடியாதபடி. டிரைவர் தப்பு செய்வார், அதற்காக அவர் சாகக் கூடாது என்பதுதான் யோசனை. ருமேனியாவிலும் சும்மா இருக்கவில்லை, ராயித் அரஃபாத் என்ற டாக்டர் 1990-ல் தர்கு முரேஷ் நகரத்தில் ஆரம்பித்த ஸ்முர்த் அவசர சேவை இன்று அந்த நாடு முழுக்க ஓடுகிறது. ஜெர்மனியில் விபத்து மீட்பு ஹெலிகாப்டர் 1970-ல் மியூனிக்கில் வந்துவிட்டது, தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் 1884-லிருந்து இருக்கிறது. என் நோயாளிக்கு அன்று சாயங்காலம் ஆபரேஷன் நடந்ததற்கும் அவர் மாதக்கணக்கில் எங்களிடம் இருக்க முடிந்ததற்கும் பின்னால் இவ்வளவு வருடம் இருக்கிறது.

இதையெல்லாம் சொன்ன பிறகும், சுகாதாரத் துறையில் இருப்பவர்கள், பத்திரிகையில் எழுதுபவர்கள், பிசியோ படிக்கிற மாணவர்கள் எல்லோரும் இதில் ஒரு சாயங்காலமாவது செலவழிக்க வேண்டும் என்றுதான் சொல்வேன். ஐந்துக்கு நாலு. அந்த ஒரு மதிப்பெண்ணை ஏன் பிடித்துக்கொண்டேன் என்றால், எந்தக் கேள்விக்காகத் திறந்தேனோ அதற்கு இது பதில் சொல்லவில்லை. பிரிட்டன், நார்வே, இத்தாலி, போலந்து போன்ற சில நாடுகளுக்கு உள்ளே இறங்கிப் பகுதிவாரியாகப் பார்க்கலாம். ருமேனியாவுக்கு முடியாது. சிகிச்சை கிடைத்தவர் எத்தனை பேர், கிடைக்காதவர் எத்தனை பேர் என்பதையே ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் எண்ணவில்லை, நாட்டின் மருத்துவ வசதிக் குறியீட்டை வைத்து மதிப்பிடுகிறார்கள். தலைநகர் புக்கரெஸ்ட்டில் விழுந்தவரும் வாஸ்லுய் மாவட்டத்துக் கிராமத்தில் விழுந்தவரும் அதில் ஒரே ஆள்.

அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின வாரம் லேப்டாப்பைக் கொண்டுபோய்க் காட்டினேன். அப்போது ஊன்றுகோல் வைத்துத் தாழ்வாரத்தில் பாதி தூரம் நடப்பார். ருமேனியாவைப் பெரிதாக்கினேன், அவர் விரல் வடகிழக்கு மூலையில் போய், மால்டோவா எல்லையில் ஓடும் ப்ரூட் ஆற்றுப் பக்கம் நின்றது. "இங்கே" என்றார். அங்கே கோடே இல்லை, நாடு முழுக்க ஒரே நிறம். சரி என்று யூரோஸ்டாட் வரைபடத்தைத் திறந்தேன், அது நாட்டுக்குள் பிரித்துக் காட்டும், ஆனால் செத்தவர்களை மட்டும். அதிலும் வாஸ்லுய் தனியாக இல்லை, யாஷி, பக்காவு, சுச்சாவா என்று ஆறு மாவட்டம் சேர்ந்து ஒரு துண்டு. "யாஷியில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது" என்றார். அங்கிருந்து உங்கள் வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டேன். கிலோமீட்டரில் சொல்லவில்லை. மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்குள் ஆம்புலன்ஸ் வராது, தார்ச்சாலை வரை ஆளைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றார், சொல்லிக்கொண்டே ஊன்றுகோலை எடுத்து மறுபடி எழுந்திருக்கப் பார்த்தார், நான் லேப்டாப்பை நாற்காலியில் வைத்துவிட்டு அவர் இடுப்புப் பட்டையைப் பிடித்தேன்.